நத்தைக்குப் பத்து நாள்

முதலில் நத்தையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

ஓடில்லாத கடல் நத்தை அது. உள்ளங்கை அளவு இருக்கும், பாசி தின்று வாழும். எங்கள் புன்னைத்துறையில் வலையில் வந்தால் அதற்கு ஒரு பேர்கூட வைக்காமல் எடுத்துத் திரும்பக் கடலில் எறிவார்கள். அதை வைத்து ஐந்து வருஷம் ஆராய்ச்சி செய்து நான் டாக்டர் பட்டம் வாங்கிய செய்தியைச் சொன்னபோது, என் அண்ணன் கஸ்பார், "அத வச்சா?" என்று கேட்டுவிட்டு அரை நாள் சிரித்தான்.

நத்தையின் வாலில் லேசாக மின்சாரம் வைத்தால் சுருங்கும். சில நாள் அப்படியே பழக்கினால், பிறகு விரலால் தொட்டாலே வெகுநேரம் சுருண்டு கிடக்கும். பயத்தைக் கற்றுக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். அதன் நரம்பிலிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, மின்சாரமே பட்டறியாத இன்னொரு நத்தைக்கு ஊசி போட்டால் அதுவும் சுருளும். அடி வாங்கியது ஒன்று, பயப்படுவது இன்னொன்று. ஆனால் இந்த இரவல் பயம் நிலைக்காது. பத்தாம் நாள் போய்விடும். நூற்றுக்கணக்கான நத்தைகளில் பார்த்தாயிற்று. பதினோராம் நாள் பயந்த நத்தை ஒன்றுகூட இல்லை.

எங்கள் ஆய்வகத்தில் இன்னொரு பிராணியும் இருந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த குவால். கங்காருவுக்குத் தூரத்துச் சொந்தம். பெண்ணுக்கு வயிற்றில் பை உண்டு. ஆனால் பூனைக்குட்டி அளவுதான் இருக்கும், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, தின்பது மாமிசம். அதன் நாட்டில் அது விஷத்தேரைகளைத் தின்று கூட்டம் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தது. தேரைக் கறியில் குமட்டும் மருந்து கலந்து ஒரு குவாலுக்குக் கொடுத்து, தேரை என்றாலே அதற்குப் பயம் வரச்செய்து, அந்தப் பயத்தை மற்றக் குவால்களுக்கு ஊசியில் ஏற்றிப் பார்த்தார்கள். குவால் பிரிவு வேறு கட்டடம். அதைப் பத்மாசனி மேடம் தானே நேரில் கவனித்துக்கொண்டார்.

மேடம்தான் எங்கள் ஆய்வகத்தின் தலைவர். எனக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒன்பது நாள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர். நொய்யரிசிக் கஞ்சி வைத்துக் கொண்டுவந்து ஊட்டியவர். அவரை நான் எவ்வளவு நம்பினேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவர் நீட்டிய காகிதத்தை நான் ஒருநாளும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் வந்த புயலில் புன்னைத்துறை முப்பத்தோரு ஆண்களைப் பறிகொடுத்தது. அதில் எங்கள் அப்பா தொபியாஸும் ஒருவர். மூன்று முறை எச்சரிக்கை வந்தது. மூன்று முறையும் கேட்டுவிட்டுத்தான் வள்ளத்தைத் தள்ளினார்கள். எச்சரிக்கை எத்தனையோ தரம் வரும், புயல் வருவது என்னவோ ஒரு தரம். காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்து மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"மேரி, அந்தப் புயல்ல தப்பிச்சு வந்தவங்க ரெண்டு பேர் ரத்தம் கொடுக்கச் சம்மதிச்சிருக்காங்க. அவங்க பயத்தக் கொஞ்சமா எடுத்து, புயல் சீசன்ல மட்டும் மத்தவங்களுக்குப் போட்டா என்ன? வானொலி சொல்றத உடம்பு கேக்கும்."

"சீசன் முடிஞ்ச பிறகு, மேடம்?"

"நத்தைக்கு எத்தன நாள்?"

"பத்து."

"அப்புறம் என்ன?"

அனுமதி வாங்க ஓர் ஒப்பீட்டு அறிக்கை தயாரானது. ஒரு பத்தியில் நத்தை, பக்கத்துப் பத்தியில் குவால். என் பத்தி நிரம்பி வழிந்தது. குவால் பத்தியில் 'ஆய்வு தொடர்கிறது' என்று இரண்டே சொல். கீழே என் கையெழுத்து இருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள், பரிமாறியவள் நான்.

ஊரில் கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் கூட்டம் போட்டோம். புன்னைத்துறையில் ஒரு வழக்கம் உண்டு. புது வலையோ புது எஞ்சினோ, கொண்டுவந்தவன்தான் முதலில் இறக்கிக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் அடுத்தவன் கை வைப்பான். ஆகவே நூற்று நாற்பத்து மூன்று ஆண்களுக்கு முன்னால் நான் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டேன். நத்தையையும் குவாலையும் படம் போட்டு விளக்கினேன். கஸ்பார் பின்னால் நின்றபடி கேட்டான்.

"ஏ பிள்ள, நாங்க நத்தையா, அந்தப் புள்ளிப் பூனையா?"

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். "பத்து நாள்ல போயிரும் அண்ணே. நான் சொல்லுதேன்லா" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் எல்லோரும் சட்டைக் கையை மடித்தார்கள். மருந்தையோ மேடத்தையோ அவர்களுக்குத் தெரியாது. தொபியாஸ் மகள் வியாகுலத்தைத் தெரியும்; ஊரில் என்னை மேரி என்று யாரும் கூப்பிடுவதில்லை.

ஊசி போட்ட ஆறாம் நாள் புயல் வந்தது. புன்னைத்துறையிலிருந்து ஒரு வள்ளம் போகவில்லை. ஒரு சாவு இல்லை. நன்றிப் பூசை வைத்து எனக்கு மாலை போட்டார்கள். முப்பத்தோரு வீட்டுப் பெண்களில் சிலர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

பிறகு மாதம் ஒருமுறை கைபேசி வழியாக ஒரு படிவம் அனுப்பினேன். ஆறாவது கேள்வி: கடலைப் பற்றிய அச்சம் உண்டா, இல்லையா. நூற்று நாற்பத்து மூன்று பேரும் 'இல்லை' என்றார்கள். ஏழு மாதமும் அதே பதில். மேடம் அதை மாநாடுகளில் திரையில் காட்டினார்.

வெளியூர்க்காரர் அதை நம்பலாம். நான் நம்பியதற்கு மன்னிப்பே கிடையாது. புன்னைத்துறையில் எந்த ஆணும் 'பயம்' என்ற சொல்லை வாயில் எடுக்க மாட்டான். எடுத்தால் அடுத்த நாள் அவனை எந்த வள்ளத்திலும் ஏற்ற மாட்டார்கள். பயந்தவன் கை நடுக்கடலில் கயிற்றை விட்டுவிடும் என்று நம்பிக்கை. அதனால் மனசு சரியில்லை என்றால் காற்று சரியில்லை என்பான். அதைக் கேட்பவனும் மேற்கொண்டு கேட்க மாட்டான். இந்த நாகரிகத்தில் பிறந்து வளர்ந்த நான், அவர்களிடமே போய் 'அச்சம் உண்டா' என்று படிவம் நீட்டியிருக்கிறேன்.

எட்டாம் மாதம் கஸ்பாரின் மனைவி ஜெனோவா போன் செய்தாள்.

"வியாகுலம், ஒருநடை வந்துட்டுப் போ."

"என்ன மைனி, அண்ணனுக்கு உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. வந்து பாரு."

போனேன். நல்ல வெயில் நேரம். கடற்கரைச் சாலையில் நின்றபடி பார்த்தேன். வள்ளங்கள் எல்லாம் மணலில் ஏறிக் கிடந்தன. ஒன்றில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. இன்னொன்றுக்குள் ஆடு படுத்து அசைபோட்டது. வலைகள் மடித்த மடிப்பு கலையாமல் வெளுத்துப்போயிருந்தன.

வழியில் பார்த்தவர்களை எல்லாம் விசாரித்தேன். ஒருவன் வாடைக்காற்று இன்னும் ஓயவில்லை என்றான். ஓய்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒருவன் எஞ்சினுக்குச் சாமான் வரவேண்டும் என்றான். ஒருவன் ஐஸ் கம்பெனியில் வேலை நன்றாக இருக்கிறது, இனி எதற்குக் கடல்தொழில் என்றான். கஸ்பார் வீட்டு வாசலில் உட்கார்ந்து, கிழியாத வலையைத் தைத்துக்கொண்டிருந்தான். அவன் குறை சொன்னது கடல் நீரோட்டத்தை.

"நீவாடு ஒரேயடியா வடக்க இழுக்குது பிள்ள. போய் என்ன பிரயோசனம்."

"எத்தன நாளா இழுக்குது அண்ணே?"

அவன் ஊசியில் நூலைக் கோத்தான்.

உள்ளே ஜெனோவா தணிந்த குரலில் சொன்னாள். "எல்லாம் பொய்யி. மணல்ல கூட எறங்க மாட்டுக்காரு. கெணத்துத் தண்ணியில குளிக்காரு. அலச் சத்தம் கேக்காம இருக்க அந்தப் பக்கத்துச் சன்னல அடச்சு ஆணி அடிச்சிட்டாரு. கேட்டா உப்புக்காத்து பண்டத்த எல்லாம் துரு ஏத்துதாம். இப்ப பிள்ளயும் அப்பனப் பாத்துட்டு மணல்ல வெளையாட மாட்டுக்கா. நீ போட்ட ஊசிதானட்டி இது?"

"இல்ல மைனி. அது பத்து நாள்ல போயிருக்கும்" என்றேன். சொல்லும்போதே குவால் பத்தியின் அந்த இரண்டு சொல் நினைவுக்கு வந்தது.

அன்றே திரும்பினேன். மேடம் அறையில் மாலைக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்று சொல்லிவிட்டு உட்காரச் சொன்னார். நான் நின்றேன்.

"மேடம், குவாலுக்கு எத்தன நாள்?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "இவ்வளவு நாளா நீ கேக்கவே இல்லையே."

"இப்பக் கேக்கறேன்."

"பதினாறு மாசமா பாத்துட்டிருக்கேன். ஒண்ணுக்குக்கூடப் போகல."

"ஏன்?"

"நத்தைக்கு மொத்தமே இருபதாயிரம் நரம்பணு. பயம் வந்தா ஏன்னு கேக்காது. பிடிமானம் இல்லாத பயம், தானா அழிஞ்சுடும். குவாலுக்கு நம்மள மாதிரி மூளை இருக்கு. காரணமில்லாம ஒரு பயம் வந்தா அதால சும்மா இருக்க முடியல. ஒரு காரணத்தத் தேடிக்குது. முதல்ல தேரைகிட்ட போகல. அப்புறம் தேரை வச்ச தட்டுகிட்ட போகல. இப்ப அந்த மூலைப் பக்கமே திரும்பறதில்ல. ஒவ்வொரு காரணமும் பயத்துக்கு ஒரு வேர். தாய் விலகறதப் பாத்துக் குட்டிங்களும் விலகுதுங்க."

காற்று, எஞ்சின், நீவாடு, உப்புக்காத்து. என் ஊரே எட்டு மாதமாக நாகரிகமாகக் காரணம் சொல்லிச் சொல்லி அந்தப் பயத்துக்கு உரம் போட்டிருக்கிறது.

"ஊர்ல ஊசி போடறப்போ இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவர் தலையைக் குனியவில்லை. குனிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"தெரிஞ்சு எப்படி மேடம்?"

"சொல்லியிருந்தா போட்டிருப்பாங்களா? போன புயல்ல முப்பத்தோரு பேர், மேரி. உங்கப்பா உட்பட. இந்தத் தடவ யாரு செத்தா, ஒரு பேரச் சொல்லு."

"கடல் இல்லாம அவங்க என்ன செய்வாங்க?"

"உயிரோட இருப்பாங்க."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

அவர் என்னைப் பரிவோடு பார்த்தார். கஞ்சி ஊட்டும்போது பார்த்த அதே பார்வை. "உனக்குப் பொய் சொல்ல வராது. நீ நம்பினாத்தான் அவங்க நம்புவாங்க. அதனால உன்ன நம்ப வச்சேன்."

எனக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது. ஒன்பது நாள் நாற்காலியும் அந்தக் கஞ்சியும்கூட இதற்காகத்தானோ என்று தோன்றியது. அது அநியாயமான நினைப்பாக இருக்கலாம். ஆனால் நம்பிக்கைத் துரோகம் முன்னால் மட்டும் பாய்வதில்லை, பின்னால் போய்ப் பழைய நாட்களையும் தின்கிறது.

"நீ கடைசியா எப்பக் கடல்ல கால நனச்ச?" என்று கேட்டார் மேடம்.

ஆய்வகத்துக்கும் கடலுக்கும் இடையில் நூறடிதான். முன்பெல்லாம் தினமும் காலையில் நடப்பேன். "இப்பக் குதிகால்ல வெடிப்பு. அதோட அங்க நாய்த் தொல்லை வேற..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். புன்னைத்துறையில் சாலையோடு நின்றதற்கும் என்னிடம் ஒரு காரணம் இருந்தது. செருப்பில் மணல் ஏறும்.

"இதுக்கு மாத்து மருந்து இல்லையா?"

"ஊசி இல்ல. ஆனா ஒண்ணு தோணுது. இது தன் பயம் இல்லைங்கறது குவாலுக்குத் தெரிய வழியில்ல. மனுஷனுக்குத் தெரியலாம். காரணம் எதுவும் சொல்லாம, பயமா இருக்குன்னு மட்டும் வாய்விட்டுச் சொன்னா அது நத்தையோட பயம் மாதிரி வாடிடலாம். நீ சொல்லிப் பாரு. ஆனா ஊருக்குப் போய் நடந்ததெல்லாம் கொட்டாதே. மூளை எதக் கொடுத்தாலும் காரணமா பிடிச்சுக்கும்."

"உங்க பேரு கெட்டுடும்னு பாக்கறீங்க."

அவர் ஆறிப்போன காப்பியை எடுத்துக் குடித்தார். நான் கதவைச் சாத்தாமல் வெளியே வந்தேன். வாய்விட்டுச் சொன்னால் போகும் என்ற பாதியை நம்பினேன், ஊரில் கொட்டாதே என்ற பாதியை நம்பவில்லை. அந்த நம்பாத பாதியில்தான் தப்புச் செய்தேன்.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்ததும் அதே மண்டபத்தில் எல்லோரையும் உட்காரவைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். நத்தை, குவால், இரண்டு சொல்லோடு நின்ற அந்தப் பத்தி, அதன் கீழே என் கையெழுத்து, எதையும் விடவில்லை. அவர்களுக்கு உண்மை தெரியும் உரிமை உண்டு என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பிறகு, "முதல் ஊசி போட்டுக்கிட்டவ நான். அதனால முதல்ல நானே சொல்லுதேன்" என்றேன். தொபியாஸ் மகள் இந்த மண்டபத்தில் இதைச் சொல்வாள் என்று யார் நினைத்திருப்பார்கள். "எனக்குக் கடலப் பாத்தா பயமா இருக்கு. ஒரு காரணமும் இல்ல. பயமா இருக்கு."

கஸ்பார் பக்கம் திரும்பினேன்.

"அண்ணே, நீயும் ஒரு வாட்டி சொல்லு. சொன்னாப் போயிரும்."

கஸ்பார் எழுந்தான். வாயைத் திறந்தான். சொல்லப்போகிறான் என்றே நினைத்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். அவன் அவர்களைப் பார்த்தான்.

"பயமா? எனக்கென்னட்டி பயம்" என்றான். "கூடப் பொறந்தவ குடும்பத்தோட ஏமாத்திட்டா. எங்க உடம்புல என்னத்தயோ ஏத்தி வித்துட்டா. மனசு விட்டுப்போச்சு. அதான் தொழிலுக்குப் போவல."

"ஆமா" என்றான் இன்னொருவன். "அதான் போவல."

"நம்ம பிள்ளன்னு நம்புனோம். அதான்."

ஒருவர் பின் ஒருவராக எழுந்து சொன்னார்கள். அவர்கள் கோபம் நியாயமானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர்கள் முகத்தில் கோபத்தை விட வேறொன்று அதிகமாக இருந்தது. எட்டு மாதச் சுமையை இறக்கிவைத்த நிம்மதி அது. காற்று ஒருநாள் ஓயும், நீவாடு திரும்பும், எஞ்சினுக்குச் சாமான் வந்துவிடும். அந்தக் காரணங்களை எல்லாம் தினமும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. இப்போது கிடைத்ததற்கு அந்தத் தொல்லை இல்லை. நான் செய்தது செய்ததுதான், அது என்றைக்கும் தீராது.

அங்கேயே ஊர்க்கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுதினார்கள். வியாகுலம் இனிமேல் ஊருக்குள் வரக் கூடாது. அவளோடு பேச்சுவார்த்தை வைத்தால் தண்டம். நூற்று நாற்பத்து மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். கஸ்பார் முதலாவதாகப் போட்டான்.

வெளியே வந்தேன். பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியை விட்டுவிட்டு மணலில் இறங்கினேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். நாலடி வைத்ததும் கால் தானாகச் சாலைப் பக்கம் திரும்பியது. காரணம் தேடாமல் நின்றேன். பயமா இருக்கு, பயமா இருக்கு என்று மட்டும் சொல்லிக்கொண்டேன். வெகுநேரம் ஆயிற்று. பிறகு மெதுவாக அது விட்டது. அலை கணுக்காலைத் தொட்டது, முழங்காலுக்கு வந்தது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. இடுப்பு வரைக்கும் இறங்கி நின்றேன். கடல் என்னை ஒன்றுமே செய்யவில்லை.

திரும்பிப் பார்த்தேன். கடற்கரைச் சாலையின் அந்தப் பக்கம் ஆண்கள் எல்லோரும் வரிசையாக நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பயம் போயிட்டு அண்ணே" என்று கத்தினேன். "நெசமாவே போயிட்டு. ஒரு வாட்டி சொல்லிப் பாரு."

கஸ்பாருக்குக் கேட்டிருக்கும். அவன் ஒரு காலை எடுத்துச் சாலை விளிம்பில் வைத்ததைப் பார்த்தேன். அதற்குள் யாரோ அவன் தோளைத் தொட்டு ஏதோ சொன்னார்கள், தீர்மானத்தைத்தான் நினைவுபடுத்தியிருப்பார்கள். என்னோடு பேசக் கூடாதல்லவா. அவன் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.